அடுத்தவர் வீடு, அடுத்தவர் மாடு... பொறுப்பேற்கும் முன் என்ன பேசிக்கொள்ள வேண்டும்?

''என் கணவரின் அண்ணனுக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்யப்போகிறார்கள். என் ஓரகத்தியும் கூடப் போகிறார். திரும்பி வர 20 நாள் ஆகுமாம். அதுவரை அவர்கள் வீட்டையும், ஒரு கறவை மாடு, எட்டு மாதச் சினையாக இருக்கும் இன்னொரு மாடு, ஆறு வெள்ளாடுகள், கோழிகள், ஒரு நாய் எல்லாவற்றையும் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். போன வருடம் அவர்கள் நான்கு நாள் வெளியூர் போயிருந்தபோது, என் பொறுப்பில் இருந்த ஒரு ஆடு மரவள்ளித் தழையைத் தின்று செத்துவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால், ஆறு மாதம் அக்கா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது மறுக்கவும் முடியாது, ஏற்றுக்கொள்ளவும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?''

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ரிஷிவந்தியம்.

''மறுக்க வேண்டாம், சகோதரி. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு வீட்டு நினைப்பு இல்லாமல் செய்வது பெரிய உதவி. ஆனால், 'சரிக்கா, நான் பார்த்துக்கிறேன்' என்ற ஒரு வார்த்தையோடு பொறுப்பை ஏற்காதீர்கள். போன முறை நடந்த தவறு அதுதான். வேலையை உங்களிடம் ஒப்படைத்தார்கள். எந்த வயலில் மரவள்ளி நிற்கிறது, ஆட்டுக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது, செலவை யார் கொடுப்பது என்பதையெல்லாம் ஒப்படைக்கவில்லை. முடிவெடுக்கும் உரிமை இல்லாமல் பொறுப்பை மட்டும் சுமந்தால், நஷ்டம் வரும்போது பழி உங்கள் மேல்தான் விழும்.

வெளிநாடுகளில் ஊருக்குப் போகிறவர்களின் வீட்டில் தங்கி, நாயையும் பூனையையும் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது, எல்லாவற்றையும் எழுதிய ஒரு தாளைத்தான். சொந்தத்துக்குள் எழுதி வாங்குவதா என்று கூச்சப்படாதீர்கள். அக்கா சொல்லச் சொல்ல, பிள்ளைகளின் பழைய நோட்டில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை ஒருமுறை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அது போதும்.

மூன்று நாள் கூடவே நில்லுங்கள்!

அவர்கள் கிளம்புவதற்கு மூன்று நாளைக்கு முன்பே காலையிலும் மாலையிலும் கட்டுத்தறிக்குப் போய்விடுங்கள். முதல் நாள் அக்கா கறக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். இரண்டாம் நாள் பாதியை நீங்கள் கறங்கள். மூன்றாம் நாள் நீங்கள் கறக்க, அக்கா பக்கத்தில் நிற்கட்டும். இதற்குக் காரணம் உண்டு. கன்று முட்டும்போதும், மடியைக் கழுவித் தடவும்போதும் மாட்டின் உடலில் ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு உண்டாகிறது. பால் இறங்குவது அதனால்தான். அதன் வேகம் ஐந்து முதல் ஏழு நிமிடம் வரைதான் இருக்கும். புது ஆளைப் பார்த்து மாடு மிரண்டால் அந்தச் சுரப்பு தடைபட்டு, பாலை அடக்கிக்கொள்ளும். மடியில் பால் தேங்கினால் அடுத்து மடிநோய்தான். வீட்டுக்காரம்மாவின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு கறக்கும் வழக்கம் சும்மா வந்ததில்லை. மாடு வாசனையை வைத்து ஆளை அடையாளம் காணும்.

அவர்கள் எந்த நேரத்துக்குக் கறக்கிறார்களோ அதே நேரம், எந்தப் பக்கம் உட்காருகிறார்களோ அதே பக்கம், கன்றுக்கு எவ்வளவு விடுகிறார்களோ அதே அளவு. 20 நாளுக்கு உங்கள் வழக்கத்தை அந்தக் கட்டுத்தறிக்குள் கொண்டுபோகாதீர்கள்.

தீவனத்தைக் கணக்குப் போட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள்!

பாதியில் தீவனம் தீர்ந்துபோய், கடையில் கிடைத்ததை வாங்கிப் போட்டால் மாடு கழியும், அல்லது வயிறு உப்பும். மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள்தான் தீவனத்தைச் செரிக்க வைக்கின்றன. தீவனத்தை மாற்றுவதென்றால் 7 முதல் 10 நாள் எடுத்துக்கொண்டு, பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் மாற்ற வேண்டும். அதனால் அக்கா இப்போது போடும் அதே தீவனத்தை 25 நாளுக்கு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி விஷயம் என்பதால் ஐந்து நாள் கூடுதலாகக் கணக்கிடுவது நல்லது. உதாரணமாக, கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 4 கிலோ, சினை மாட்டுக்கு 3 கிலோ கலப்புத்தீவனம் என்றால், 25 நாளுக்கு 175 கிலோ. 50 கிலோ மூட்டையில் நான்கு மூட்டை வேண்டும். வைக்கோல் மாட்டுக்கு 6 கிலோ வீதம் இரண்டு மாட்டுக்கும் 300 கிலோ. 'ரெண்டு கை அள்ளிப் போடு' என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கையும் அக்காவின் கையும் ஒரே அளவில்லை. அவர் அளக்கும் சொம்பையோ படியையோ கட்டுத்தறியிலேயே வைத்துவிட்டுப் போகட்டும்.

தண்ணீரில் குறை வைக்காதீர்கள். கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 லிட்டர் வரை தேவைப்படும். வெயில் காலத்தில் இன்னும் கூடும். தண்ணீர் குறைந்தால் அன்று மாலையே பால் குறைந்துவிடும்.

அடுத்தவர் மாட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பட்டினி போட்டு மாட்டைக் கெடுப்பது குறைவு. பாசத்தில் கூடுதலாகப் போட்டுக் கெடுப்பதுதான் அதிகம். விசேஷ வீட்டில் மிஞ்சிய சோறு, கஞ்சி, கைநிறைய மக்காச்சோளம் என்று கொட்டிவிடுவார்கள். மாவுச்சத்து அளவுக்கு மீறிப் போனால் வயிற்றில் அமிலம் கூடி, மாடு படுத்துவிடும். உயிரே போகலாம். கழனித்தண்ணீர்கூட அவர்கள் வழக்கமாகக் கொடுக்கும் அளவுதான்.

போன வருடத்து ஆடு...

உங்கள் மனதில் உறுத்திக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருவோம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கமெல்லாம் மரவள்ளி நிறைய நிற்கிறது. அதன் தழையிலும் கிழங்குத் தோலிலும் சயனைடு விஷமாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது. பசியோடு போகும் ஆடு வயிறு நிறைய மேய்ந்துவிட்டால், மூச்சு வாங்கி, தள்ளாடி, சில நிமிடங்களிலேயேகூட விழுந்துவிடும். இதற்கு மாற்று மருந்து உண்டு. ஆனால், அதைக் கால்நடை மருத்துவர்தான் ஊசி வழியாகச் செலுத்த முடியும். அது வந்து சேர்வதற்குள் பல ஆடுகள் போய்விடும். ஆகவே, உங்கள் கவனக்குறைவால் மட்டுமே அந்த ஆடு செத்தது என்று நினைக்க வேண்டாம். இந்த விஷத்தில் தப்பிப்பதற்குக் கிடைக்கும் நேரமே மிகக் குறைவு.

பூக்காத இளஞ்சோளத்திலும், அறுத்த கட்டையில் மறுபடி துளிர்க்கும் சோளத்திலும் இதே விஷம் உண்டு. வறட்சியில் வாடி நிற்கும் பயிர் இன்னும் ஆபத்து. இந்த முறை அக்காவோடு ஒருமுறை மேய்ச்சல் பாதையில் நடந்து பாருங்கள். எந்த வயலில் மரவள்ளி, எங்கே இளஞ்சோளம் என்று கேட்டு நோட்டில் குறியுங்கள். முடிந்தால் 20 நாளும் ஆடுகளை ஓட்டாமல் கொட்டகையிலேயே தழை கட்டிப் போடுவது பாதுகாப்பு. ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால், கொஞ்சம் தழை தின்ன வைத்த பிறகு ஓட்டுங்கள். வெறும் வயிற்றோடு போகும் ஆடுதான் கண்டதில் வாய் வைக்கும்.

சினை மாட்டுக்குத் தேதி முக்கியம்!

'எட்டு மாதம்' என்று வாய்க்கணக்கில் சொல்வதை நம்ப வேண்டாம். சினை ஊசி போட்ட தேதியைக் கேளுங்கள். அதிலிருந்து ஏறத்தாழ 280 நாளில் கன்று போடும். ஜூன் 1-ல் ஊசி போட்டிருந்தால் மார்ச் 8-ஐ ஒட்டி ஈனும். பத்து நாள் முன்பின் ஆகலாம். நீங்கள் பார்த்துக்கொள்ளும் 20 நாளுக்குள் அந்தத் தேதி வருமானால், ஈற்று பார்த்துப் பழகிய ஒருவரை இப்போதே பேசி வைக்கச் சொல்லுங்கள். பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரம் ஆகியும் கன்று வரவில்லையென்றால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குள் விழவில்லையென்றாலும் மருத்துவர்தான். கையால் பிடித்து இழுக்கக் கூடாது. சினை மாட்டைச் சேற்றிலும் வழுக்கும் தரையிலும் ஓட்டாதீர்கள்.

பணமும் போனும்!

கூச்சப்படாமல் கேட்க வேண்டியது இதுதான். அவசரச் செலவுக்கு ஒரு தொகையைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 'மூவாயிரம் ரூபாய் வரை என்னைக் கேட்காமலே செலவு பண்ணு' என்பதுபோல ஒரு வரம்பை அக்காவே சொல்லட்டும். அறுவை சிகிச்சை நடக்கும் நாளில் அவர் போனை எடுக்க முடியாது. அப்போது முடிவு சொல்ல வேண்டிய இன்னொருவர் யார்? அவர் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். வழக்கமாக வரும் கால்நடை மருத்துவரின் எண் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். கால்நடை அவசர ஊர்திக்கு 1962, மனிதர்களுக்கு 108, கேஸ் கசிவுக்கு 1906, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987.

20 நாள் பால் பணம் யாருக்கு என்பதையும் பேசிவிடுங்கள். உழைப்புக்காகப் பாலைக் கறப்பவரே எடுத்துக்கொள்வதும் உண்டு, பாதிப் பாதி என்பதும் உண்டு. எதுவானாலும் முன்கூட்டியே முடிவாகட்டும். சொசைட்டியில் ஊற்றிய அளவைத் தினமும் நோட்டில் எழுதுங்கள். இது கணக்குக்கு மட்டுமல்ல. நேற்று 8 லிட்டர், இன்று 6 லிட்டர் என்றால் மாட்டுக்கு ஏதோ சரியில்லை என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி. அசை போடுகிறதா, மூக்கு ஈரமாக இருக்கிறதா, சாணம் வழக்கம்போல் இருக்கிறதா என்பதையும் தினமும் பாருங்கள். பாலில் திரி திரியாக வந்தாலோ, மடி வீங்கிச் சூடாக இருந்தாலோ மடிநோய். உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள். அவர் வரும்வரை சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, பாலைக் கறந்துவிட்டு மடி முழுக்கத் தடவலாம். ஒரு நாளைக்குப் பத்து முறை வரை தடவ வேண்டும்.

நாயும் வீடும்!

உங்களைப் பார்த்து வாலாட்டும் நாய்தான் என்றாலும், வீட்டில் ஆள் இல்லாதபோது அதன் குணம் வேறாக இருக்கும். கிளம்பும் முன்பே இரண்டு மூன்று நாள் உங்கள் கையால் சோறு வையுங்கள். ஓரிரு நாள் சரியாகச் சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். பயப்பட வேண்டாம், தண்ணீர் குடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சாப்பிடும்போது கிட்டே போகாதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டு, இல்லையென்றால் இப்போதே போடச் சொல்லுங்கள். ஒருவேளை கடித்துவிட்டால், 'வீட்டு நாய்தானே' என்று விடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அதன் பிறகு 3, 7, 28-ம் நாட்களிலும் போட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது.

வீட்டைப் பொறுத்தவரை, தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடுங்கள். நான்கு நாள் கோலம் இல்லாத வாசல், 'ஆள் இல்லை' என்று திருடனுக்குச் சொல்லிவிடும். இரவில் ஒரு விளக்கு எரியட்டும். கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போகச் சொல்லுங்கள். வெளியூர் போகும் தகவலைக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவதும் நல்லது. ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பீரோ இருக்கும் அறையின் சாவியை வாங்காதீர்கள். நகை இருந்தால் வங்கியில் வைத்துவிட்டுப் போகட்டும். பின்னால் ஒரு குண்டுமணி காணவில்லை என்றாலும், சொந்தம் ஒட்டாமல் போய்விடும்.

விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் கட்டுத்தறிக்குப் போகும்போது டார்ச் லைட் இல்லாமல் போகாதீர்கள். கோழிக்கூடு இருக்குமிடத்தில் எலியும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். அசையாமல் உட்கார்ந்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஏதாவது செத்துவிட்டால்?

எவ்வளவு கவனமாக இருந்தாலும் நடக்கலாம். மறைக்காதீர்கள், தள்ளிப்போடாதீர்கள். அந்த நிமிடமே முடிவு சொல்ல வேண்டியவருக்குப் போன் செய்யுங்கள். மாட்டுக்கோ ஆட்டுக்கோ காப்பீடு இருக்கிறதா என்று இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காப்பீடு இருந்தால், மருத்துவர் வந்து பிரேதப் பரிசோதனை செய்து சான்று தரும்வரை புதைக்கக் கூடாது. காதில் உள்ள வில்லையைக் கழற்றித் தொலைத்துவிடக் கூடாது. வில்லை இல்லையென்றால் இழப்பீடு கிடைக்காது. புரியாமல் அவசர அவசரமாகப் புதைத்துவிட்டால், மாடும் போய், பணமும் போய்விடும்.

கடைசியாக ஒன்று. நோட்டை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போகும்போது, போன வருடத்து ஆட்டைப் பற்றி நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். 'அன்னைக்கு நடந்தது எனக்கு இன்னும் மனசுல இருக்குக்கா. அதனாலதான் இந்தத் தடவை எல்லாத்தையும் எழுதிக்கிறேன்' என்று சொல்லுங்கள். அவர் மனதிலும் அது இருந்திருக்கும். நம்பிக்கை இல்லாமல் இருந்தால், இப்போது சாவியை உங்களிடம் கொடுக்க முன்வந்திருக்க மாட்டார்.''

''நாங்கள் கல்வராயன்மலையில் வசிக்கிறோம். வேலைக்காக மூன்று மாதம் வெளியூர் போகிறோம். பத்து ஆடுகளைச் சொந்தக்காரர் ஒருவரிடம் வாரத்துக்கு விடலாம் என்றிருக்கிறோம். பின்னால் சண்டை வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?''

- ஒரு வாசகர், வெள்ளிமலை.

''வாரத்துக்கு விடுவதில் சண்டை வருவது இரண்டு இடத்தில். ஒன்று, பிறக்கும் குட்டியில் யாருக்கு எத்தனை? இரண்டு, ஆடு செத்தால் யார் தலையில்? குட்டியில் பாதிப் பாதி என்றால், ஒற்றைக்குட்டி பிறந்தால் எப்படிப் பிரிப்பது, கிடா யாருக்கு, பெட்டை யாருக்கு என்பது வரை பேசிவிடுங்கள். நோயில் செத்தால் நஷ்டம் உங்களுடையது, மேய்ச்சலில் தொலைந்தால் பார்த்துக்கொள்பவருடையது என்று பிரித்துக்கொள்வது நியாயமாக இருக்கும். செத்த ஆட்டை உங்கள் தரப்பில் ஒருவர் வந்து பார்த்த பிறகே புதைக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். ஒவ்வோர் ஆட்டையும் போனில் படம் பிடித்து, நிறம், வயது, சினையா இல்லையா என்று எழுதி, இரண்டு பேரும் ஊர்ப் பெரியவர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

விடுவதற்கு முன் குடற்புழு நீக்கம் செய்து, ஆட்டுக்கொல்லி நோய், துள்ளுமாரி நோய்த் தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். அவருடைய பட்டியில் ஏற்கெனவே ஆடுகள் இருந்தால், முதல் இரண்டு மூன்று வாரம் உங்கள் ஆடுகளைத் தனியாக அடைக்கச் சொல்லுங்கள். ஒரு மந்தையின் நோய் இன்னொரு மந்தைக்குப் போவது இப்படிச் சேர்க்கும்போதுதான்.''

''கல்யாணத்துக்காக மூன்று நாள் வெளியூர் போகிறோம். 15 நாட்டுக்கோழிகளுக்கும் மூன்று நாள் தீவனத்தை மொத்தமாகக் கொட்டி வைத்துவிட்டுப் போகலாமா?''

- ஒரு வாசகி, சங்கராபுரம்.

''வேண்டாம். கொட்டி வைத்த தீவனத்தில் தண்ணீர் சிந்தினால் பூஞ்சணம் பிடித்து நஞ்சாகிவிடும். எலியும் அதைத் தேடி வரும். தண்ணீர்ப் பாத்திரம் ஒன்று கவிழ்ந்தால் வெயிலில் கோழிகள் தாங்காது. பக்கத்து வீட்டில் யாரையாவது காலையில் திறந்துவிடவும், பொழுது சாயும்போது அடைக்கவும் சொல்லுங்கள். அடைக்கும்போது எண்ணிப் பார்க்க வேண்டும் என்று மறக்காமல் சொல்லுங்கள். ஒன்று குறைந்தால் அன்றே தேடலாம். அடைக்கோழி இருந்தால் அதைத் தனியாக, தீவனமும் தண்ணீரும் எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். முட்டையைத் தொட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போங்கள். மூன்று நாள் முட்டையை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று சொன்னால், அடுத்த முறையும் மனமுவந்து பார்த்துக்கொள்வார்கள்.''

கேள்வி அனுப்பும் வாசகர்கள் ஊர்ப் பெயரையும், கால்நடைகளின் வயது, எண்ணிக்கையையும் தவறாமல் குறிப்பிடுங்கள். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள்.